நுண்ணலை அடுப்பின் பெயரில் உள்ள ‘நுண்’ எங்கிருந்து வந்தது?

வெள்ளவத்தை ஆசிரியை:

வணக்கம். தரம் 9 மாணவர்களுக்குத் தமிழ் மொழிமூலம் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். மின்காந்த அலைகள் பற்றிய பாடத்தில் நுண்ணலை அடுப்பைக் குறிப்பிட்டபோது, முன்வரிசை மாணவி ஒருத்தி, “நுண்ணங்கி கண்ணுக்கே தெரியாது. நுண்ணலை அதைவிடவும் சின்னதா, ரீச்சர்?” என்று கேட்டாள். அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் என்று சற்று முன்னர்தான் நான் கரும்பலகையில் எழுதியிருந்தேன். ஒரு சாண் நீளம்கூட இல்லையென்றாலும், நுண்ணியது என்று சொல்லத்தக்க அளவும் அல்ல. இப்பெயரை இட்டவர்கள் விஞ்ஞானிகளா, அடுப்பை விற்றவர்களா? தொடக்கத்திலிருந்தே இதுதான் பெயரா? அடுத்த பாடவேளைக்குள் அவளுக்குச் சரியான விடை சொல்ல விரும்புகிறேன்.

கொட்டாஞ்சேனை திருத்துநர்:

ரீச்சர், மாணவி கேட்டது மிக நல்ல கேள்வி. அலைக்குப் பெயர் வந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே அடுப்பு வந்தது. 1930களின் தொடக்கத்தில் வானொலி ஆய்வாளர்கள் கையாண்ட அலைகள் பத்துக்கணக்கிலும் நூற்றுக்கணக்கிலும் மீட்டர் நீளமுடையவை. அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில் ஒரு முழம், ஒரு சாண் நீளமுள்ள அலைகள் மிகச் சிறியவையாகத் தோன்றியதால், தமிழில் நாம் ‘நுண்’ என்று சொல்லும் ‘மைக்ரோ’ என்ற முன்னொட்டைச் சேர்த்தார்கள். மீட்டரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோமீட்டர் என்ற அளவைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

வகுப்பில் இதைக் காட்டவும் முடியும். சுழலும் தட்டைத் தாங்கும் உருளை வளையத்தை எடுத்துவிட்டு, தட்டு அசையாதபடி வைத்து, அதன்மேல் பச்சை அப்பளங்களை நெருக்கமாகப் பரப்பி அரை நிமிடமளவில் சூடாக்குங்கள். சில இடங்கள் வெண்மையாகப் பொரிந்திருக்கும். இடைப்பட்ட இடங்கள் மஞ்சளாக, பொரியாமலே கிடக்கும். பொரிந்த திட்டுகளுக்கு இடையிலான தூரம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் வரும். அது அலைநீளத்தின் பாதி. அதை இரட்டித்து, அடுப்பின் பின்புறத் தகட்டில் அச்சிட்டிருக்கும் 2450 மெகாஹேர்ட்ஸ் அதிர்வெண்ணால் பெருக்கினால் ஒளியின் வேகத்துக்கு அருகில் வந்துவிடும்.

பம்பலப்பிட்டி வாசகர்:

விற்றவர்கள் இட்ட பெயர் வேறு. போர்க்காலத்தில் ராடாருக்கான, நுண்ணலைகளை உண்டாக்கும் மக்னெட்ரான் குழாய்களைச் செய்துவந்த அமெரிக்காவின் ரேத்தியன் கம்பனியில், பெர்சி ஸ்பென்சர் என்ற பொறியியலாளர் இயங்கும் குழாயின் அருகே நின்றபோது சட்டைப்பையிலிருந்த இனிப்பு உருகியதைக் கவனித்தார். அந்த அலைகளால் உணவைச் சூடாக்கும் முறைக்கு 1945 ஒக்டோபர் 8ஆம் திகதி காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அடுப்பின் பெயருக்காக ஊழியர்களிடையே போட்டி வைத்து, ‘ராடார்’ என்பதையும் அமெரிக்க வழக்கில் அடுப்பைக் குறிக்கும் ‘ரேஞ்ச்’ என்பதையும் இணைத்து ‘ராடாரேஞ்ச்’ என்பதைத் தெரிந்தெடுத்தார்கள். போர் முடிந்த கையோடு அந்நாட்டு மக்களிடையே ராடார் என்ற சொல்லுக்கு இருந்த மதிப்பை உணர்ந்து வைத்த பெயர் அது என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் பெயரில் இருந்த கவர்ச்சி பொருளில் இல்லை. 1947இல் வந்த அடுப்பு ஏறத்தாழ 1.8 மீட்டர் உயரமும் 340 கிலோ எடையும் உடையது. விலை 5000 டொலர் அளவில். குழாயைக் குளிர்விக்கத் தண்ணீர் இணைப்பும் வேண்டும். ஆகவே உணவகங்கள், கப்பல்கள் போன்றவையே வாங்கின. 1955இல் ரேத்தியனின் உரிமம் பெற்று டப்பான் கம்பனி வீடுகளுக்கென ஒன்றை 1295 டொலருக்கு விற்க முயன்றது. அந்த விலைக்கு அதை வாங்கிய குடும்பங்கள் சொற்பமே. ரேத்தியன் 1965இல் அமானா கம்பனியை வாங்கி, 1967இல் மேசைமேல் வைக்கக்கூடிய, வீட்டின் சாதாரண மின்செருகியில் இயங்கும் அடுப்பை 495 டொலருக்கு வெளியிட்ட பின்னரே அது குசினிக்குள் நுழைந்தது. அப்போதும் பெயர் ராடாரேஞ்ச்தான். ஒரு கம்பனியின் வணிகப் பெயரைப் போட்டியாளர்கள் பயன்படுத்த முடியாதல்லவா? எல்லோருக்கும் பொதுவாக எஞ்சியிருந்தது அலையின் பெயர்தான்.

தெஹிவளை:

சில ஆண்டுகள் யப்பானில் வேலை செய்தவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். அங்கே இதற்கு ‘தென்ஷி ரெஞ்சி’ என்று பெயர். இலத்திரன் அடுப்பு என்று பொருள். இந்த அடுப்பின் பெயரில் அமெரிக்கர் கைவிட்ட ‘ரேஞ்ச்’ அங்கே இன்றும் வழக்கில் இருக்கிறது. அலையைப் பற்றிய பேச்சே அப்பெயரில் இல்லை.

வெள்ளவத்தை ஆசிரியை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை வீட்டில் அப்பளத்தை வைத்துப் பார்த்தேன். பொரிந்த இரு திட்டுகளின் நடுப்பகுதிகளுக்கு இடையே அடிமட்டம் 6.3 சென்டிமீட்டர் காட்டியது. திங்கட்கிழமை அடுப்பை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக அதிபரிடம் அனுமதி பெற்றுவிட்டேன். அடிமட்டத்தை அந்த மாணவியின் கையிலேயே கொடுக்கப்போகிறேன்.