விடியக்காலையில் வெள்ளைப் புகை, ஐடிலில் உதறல்: இஞ்சினை இறக்கத்தான் வேண்டுமா?

ஒட்டுசுட்டான் கண்டர்:
வணக்கம். என்னுடையது மிட்சுபிஷி கண்டர் லொறி, 4டி33 இஞ்சின், பழைய மாதிரி டீசல் பம். இரண்டு கிழமையாக, விடிய ஸ்டார்ட் பண்ணினால் முற்றம் முழுக்க வெள்ளைப் புகை. பக்கத்தில் நின்றால் கண் எரிகிறது. கபின் உதறுகிற உதறலில் கண்ணாடிகள் கிலுகிலுக்கின்றன. சூடேறியதும் புகை குறைகிறது, உதறல் போகவில்லை. 60 மூடை நெல்லோடு மாங்குளம் போகும்போது கறுப்புப் புகையும் டக் டக் என்ற சத்தமும் வருகின்றன. ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லை, எயார் பில்டர் புதிது. பிஸ்டன் ரிங் போய்விட்டது, இஞ்சினை இறக்க வேண்டும் என்று ஒரு கராஜில் சொல்கிறார்கள். அறுவடை நேரம், லொறி நின்றால் நெல்லு வயலிலேயே கிடக்கும். என்ன செய்யலாம்?

பரந்தன் பட்டறை:
தம்பி, பொறுங்கள், இறக்க வேண்டாம். ரிங் போனால் நீலப் புகை வரும், ஓயில் குறையும். கண் எரிக்கிற வெள்ளைப் புகை எரியாத டீசல். ஹெட் காஸ்கட் போய்த் தண்ணீர் உள்ளே இறங்கினாலும் வெள்ளையாகத்தான் வரும், ஆனால் அது நீராவி, கண்ணை இப்படி எரிக்காது, ரேடியேட்டரிலும் தண்ணீர் குறையும். இரண்டு விசயம் சொல்லுங்கள். ஓயில் மட்டம் எப்படி? டீசல் எங்கே அடிக்கிறீர்கள்?

ஒட்டுசுட்டான் கண்டர்:
அண்ணை, ஓயில் மேல் கோட்டையும் தாண்டி நிற்கிறது, மணந்து பார்த்தால் டீசல் வாசம். 2022 தட்டுப்பாட்டில் கியூவில் நின்ற நாளிலிருந்து வீட்டில் ஒரு பரல் டீசல் வைத்திருப்பேன். போன மாதம் அதிலிருந்துதான் அடித்தேன்.

பரந்தன் பட்டறை:
அப்படியென்றால் இன்றைக்கு லொறியை ஓட்டவே வேண்டாம். ஏதோ ஒரு நொசில், அதாவது சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சுகிற முனை, ஒழுகுகிறது. ஒழுகுகிற டீசல் சிலிண்டர் சுவரால் இறங்கி ஓயிலோடு சேருகிறது. ஓயில் நீர்த்துப்போனால் பெயரிங் தேயும், பிறகு உண்மையாகவே இஞ்சினை இறக்க வேண்டிவரும்.

முதலில் ஓயிலையும் ஓயில் பில்டரையும் மாற்றுங்கள். பரலின் அடியிலிருந்து ஒரு போத்தல் டீசல் எடுத்து இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் விடிய அடியில் தனியாக நிற்கும். மாரி மழைக்கு வெளியில் நிற்கிற பரலுக்குள் மூடி வழியாகத் தண்ணீர் இறங்குவது வழக்கம், நொசில் முனையைக் கெடுப்பதும் அதுதான். டாங்கியின் அடியையும் திறந்து கழுவி விடுங்கள், டீசல் பில்டரும் புதிது போடுங்கள்.

பிறகு ஐடிலில் விட்டு, நொசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்துங்கள். நல்ல சிலிண்டர் என்றால் சத்தம் உடனே விழும். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டரில்தான் குற்றம். அந்த நொசிலைக் கழற்றிப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். குற்றம் நொசிலோடு சேர்ந்து போனால் நொசில்தான். அதே சிலிண்டரில் நின்றால் மட்டும் கொம்பிரசனையும் வால்வையும் பார்க்கலாம். திருப்பிப் பூட்டும்போது புதிய செம்பு வாசர் போட மறக்காதீர்கள்.

புளியங்குளம்:
இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று. கொமன் ரெயில் இஞ்சினில், அதாவது கம்பியூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் அடிக்கிற புதிய மாதிரி இஞ்சினில், ஒருநாளும் பைப் நட்டைத் தளர்த்தக் கூடாது. ஓடும்போது அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும், பீறுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையை இழக்க நேரிடும். அதைக் கம்பியூட்டர் போட்டுத்தான் பார்க்க வேண்டும். செலவைக் குறைக்க மண்ணெண்ணெய் கலக்கிறவர்களும் கவனியுங்கள். யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது வேறு வழி இல்லாமல் அதில் ஓடினோம். இப்போது அதற்குத் தேவை இல்லை. பம்முக்கு உள்ளே டீசல்தான் ஓயில், மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்பு இல்லை.

ஒட்டுசுட்டான் கண்டர்:
அண்ணை, மூன்றாம் நொசில். இரண்டுக்கு மாற்றினேன், குற்றமும் இரண்டுக்கு வந்தது. போத்தலில் இரண்டு விரல் தண்ணீர். கிளிநொச்சியில் டெஸ்டரில் வைத்துப் பார்த்தார்கள், பனிப்புகார் போல அடிக்க வேண்டியது சொட்டுச் சொட்டாக ஊற்றியது. நான்குக்கும் புதிய முனை போட்டாயிற்று. இன்று விடியப் புகை ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை, கண்ணாடிகளும் சத்தம் போடவில்லை. நாளை முத்தையன்கட்டில் நெல்லு ஏற்றப் போகிறேன். பரலில் மிச்சமிருக்கும் டீசலை வடித்துப் பாவிக்கலாமா?

பரந்தன் பட்டறை:
லொறிக்கு வேண்டாம் தம்பி.