ஐஎஸ்ஏ அட்டையில் ஓடும் பம்பு சோதனை மேடையை விண்டோஸ் 11-க்கு மாற்ற முடியுமா?

கேள்வி: பம்புப் பணிமனை, பைன்டவுன்

வணக்கம். டர்பனுக்கு அருகே பைன்டவுனில் பம்புகளைப் பழுதுபார்க்கும் பணிமனையில் வேலை செய்கிறேன். சரிசெய்த பம்பை மேடையில் ஓட்டி, அழுத்தத்தையும் நீரோட்டத்தையும் காட்டும் வரைபடத்தை அச்சிட்டு வாடிக்கையாளருக்குத் தருவோம். அளவீடுகள் அனைத்தும் அட்வான்டெக் பிசிஎல்-818எல் என்னும் ஐஎஸ்ஏ அட்டை (பழைய கணினிகளின் ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் செருகும் அளவீட்டு அட்டை) வழியாக ஒரு விண்டோஸ் 98 கணினிக்குள் போகின்றன. நிரல் டர்போ பாஸ்கல் என்னும் பழைய டாஸ் கால நிரல்மொழியில் எழுதப்பட்டது; எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார், மூல நிரலும் இல்லை. லோட்ஷெடிங் நாட்களில் மின்சாரம் திடீர் திடீரென்று போய் வந்ததில் ஹார்ட் டிஸ்க் கரகரக்கத் தொடங்கியிருக்கிறது. முதலாளி விண்டோஸ் 11 கணினி ஒன்றை வாங்கி வைத்து, இதற்கு மாற்றிவிடச் சொல்கிறார். யூஎஸ்பி வழியாக ஐஎஸ்ஏ அட்டையை இணைக்கும் பெட்டி வாங்கினால் போதுமா? பழைய டாஸ் நிரல்களை ஓட்டித் தரும் டாஸ்பாக்ஸில் நிரலை ஓட்டலாமா?

பதில் 1: கருவியாளர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

இரண்டுமே பலிக்காது. உங்கள் நிரல் எந்த டிரைவரையும் கேட்பதில்லை. 300 ஹெக்ஸ் போன்ற ஒரு போர்ட் முகவரியில் (அட்டையை அடையாளம் காட்டும் எண்) நேரடியாக எழுதிப் படிக்கிறது. விண்டோஸ் 98 அதை அனுமதித்தது. என்டி வழியில் வந்த எக்ஸ்பி முதலான எல்லா விண்டோஸும் அதைத் தடுக்கின்றன. யூஎஸ்பிக்குப் பின்னால் இருக்கும் அட்டைக்கு அப்படி ஒரு போர்ட் முகவரியே கிடையாது. டாஸ்பாக்ஸ் தனக்கென்று ஒரு கற்பனைக் கணினியை உருவாக்கிக்கொள்வதால், உண்மையான அட்டை அதன் கண்ணில் படாது. போதாக்குறைக்கு, விண்டோஸ் 11 64 பிட் பதிப்பாக மட்டுமே வருகிறது. அதில் 16 பிட் நிரல் திறக்கவே திறக்காது.

ஐஎஸ்ஏ ஸ்லாட் உள்ள தொழிலகப் போர்டுகள் இன்றும் விற்பனைக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் வேகமான செயலியில் டர்போ பாஸ்கல் நிரலை ஓட்டினால், அதன் சிஆர்டி யூனிட் (திரையையும் தாமதத்தையும் கவனிக்கும் துணை நிரல்) தாமத நேரத்தைக் கணக்கிடும்போது எண் வரம்பு மீறி 'ரன்டைம் எரர் 200' என்று நின்றுவிடுவது வழக்கம். அதற்கு ஒட்டுத் திருத்தம் உண்டு என்றாலும், அந்த வழியில் பணத்தைப் போட நான் சொல்லமாட்டேன்.

முதல் வேலையாக ஹார்ட் டிஸ்கை அப்படியே காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டுக்கு நகலெடுங்கள். அந்தக் கார்டு பழைய ஹார்ட் டிஸ்கின் ஐடிஇ இணைப்பு முறையிலேயே பேசும் என்பதால் ஒரு சாதாரண அடாப்டர் போதும். பழைய பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் உள் நிரல்) 504 எம்பிக்கு மேற்பட்ட டிஸ்கை அறியாமல் இருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பயாஸ் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது செத்தால் டிஸ்க் அமைப்பையே கணினி மறந்துவிடும்.

பதில் 2: ஆய்வகம், போர்ட் லூயி

விண்டோஸை விட்டு லினக்ஸுக்குப் போகும் வழியையும் யோசித்துப் பாருங்கள். கோமெடி என்னும் டிரைவர் தொகுப்பில் பிசிஎல்-818 குடும்பத்துக்கு டிரைவர் உண்டு. 2009-இல் லினக்ஸின் மையமான கெர்னலின் சோதனைப் பகுதியில் சேர்க்கப்பட்ட அத்தொகுப்பு, 2021-இல் 5.13 பதிப்பில் முறையான பகுதிக்கு உயர்ந்தது. ஐஎஸ்ஏவுக்கு அடுத்து வந்த பிசிஐ வகை அட்டை வைத்திருப்பவர்களுக்கு இதுதான் நல்ல வழி. உங்களுடையது ஐஎஸ்ஏ என்பதால் ஸ்லாட் உள்ள போர்டு வேண்டும், நிரலையும் புதிதாக எழுத வேண்டும். எப்படியும் எழுதத்தான் போகிறோம் என்றால் அட்டையையே மாற்றிவிடலாமே என்ற கேள்வி அங்கே எழுகிறது. அழுத்தமும் நீரோட்டமும் மெதுவாக மாறும் அளவுகள். ஆர்எஸ்-485 என்னும் தொடர் இணைப்பு வழியாகப் பேசும் ஆடம்-4017 போன்ற எட்டுச் சேனல் தொகுதியே தாராளம். அதிர்வையும் அளக்கிறீர்கள் என்றால் மட்டும் அது போதாது, வேகமான யூஎஸ்பி தொகுதி வேண்டும்.

பதில் 3: கருவியாளர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வன்பொருளை மாற்றுவது எளிது. பழைய நிரலுக்குள் புதைந்திருக்கும் கணக்கை வெளியே எடுப்பதுதான் முக்கியமான வேலை. அழுத்தமானி அனுப்பும் 4–20 மில்லியாம்பியர் சிக்னல் 250 ஓம் மின்தடையில் 1 முதல் 5 வோல்ட்டாகிறது. பிசிஎல்-818எல் 12 பிட் அட்டை. ±5 வோல்ட் வரம்பில் மொத்தம் 4096 படிகள், அவற்றில் 1 முதல் 5 வோல்ட் வரை உங்களுக்குப் பயன்படுபவை ஏறக்குறைய 1638 மட்டுமே. 16 பார் (அழுத்த அலகு) வரை அளக்கும் அழுத்தமானிக்கு ஒரு படி கிட்டத்தட்ட 0.01 பார். இதற்கு மேல் அந்த நிரல் என்னென்ன கூட்டிக் கழிக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே அழுத்தமானியைக் கழற்றிவிட்டு, லூப் கேலிபிரேட்டரால் (வேண்டிய மின்னோட்டத்தைத் துல்லியமாகத் தரும் கருவி) 4, 8, 12, 16, 20 மில்லியாம்பியர் கொடுத்து, திரையில் வரும் ஒவ்வொரு எண்ணையும் குறித்துவையுங்கள்.

பம்புப் பணிமனை, பைன்டவுன்

செய்து பார்த்தேன். 4-க்கு 0.2 பார், 12-க்கு 8.2, 20-க்கு 16.2 என்று காட்டுகிறது. இடைப்பட்ட இரண்டும் அதே போலத்தான். நீரோட்டச் சேனலில் எந்த வித்தியாசமும் இல்லை. அட்டை பழுதா?

பதில் 4: கருவியாளர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அட்டை நன்றாகத்தான் இருக்கிறது. மின்தடையின் மதிப்பு பிசகியிருந்தால் அளவு கூடக் கூடப் பிழையும் கூடியிருக்கும். உங்களுக்கோ எல்லா இடத்திலும் ஒரே 0.2 வருகிறது. 0.2 பார் என்பது ஏறக்குறைய 2 மீட்டர் உயர நீரின் அழுத்தம். அழுத்தமானி பம்பின் மையக்கோட்டுக்கு மேலே, சுவரில் அந்த உயரத்தில் இருக்கிறதா என்று நாடா வைத்து அளந்து பாருங்கள். இருந்தால், நிரலை எழுதியவர் அந்த உயரத்தைக் கணக்கில் சேர்த்திருக்கிறார் என்று பொருள். புதிய நிரலில் அதை மறைவாக வைக்காமல், உயரம் என்ற பெயரிலேயே மாற்றக்கூடிய ஓர் எண்ணாக வையுங்கள். வருங்காலத்தில் யாராவது அழுத்தமானியை இடம் மாற்றினால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

அதன் பிறகு அதே 250 ஓம் மின்தடையின் இரு முனைகளிலும் பழைய அட்டையையும் ஆடம் தொகுதியையும் இணையாகக் கட்டுங்கள். இரண்டின் உள்ளீட்டு மின்தடையும் மிக அதிகம் என்பதால் அளவு மாறாது. சில பம்புகளை இப்படி இரண்டிலும் ஒரே நேரத்தில் ஓட்டி, இரு வரைபடங்களும் ஒன்றன் மேல் ஒன்று பொருந்திய பிறகே பழைய கணினியை அணையுங்கள்.