வாசகர் கருத்துகளை எண்ணினால் சர்ச்சை பிடிபடவில்லை – உதவி தேவை

ஹட்டன் மாணவன்:
இறுதியாண்டு ஆய்வுக்காக, இணையத்தில் வந்த இலங்கை மலையக அரசியல் செய்திகளில் எது அதிகச் சர்ச்சைக்குரியது என்று வாசகர் கருத்துகளைக் கொண்டு வரிசைப்படுத்துகிறேன். கருத்துகளை எண்ணிப் பார்த்தேன். ஓர் இரங்கல் செய்தி முதலிடத்தில் வந்து நின்றது. பிறகு மென்பொருளால் சாதகம், பாதகம் என்று பிரித்துப் பாதகமானவற்றை மட்டும் எண்ணினேன். 2024இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் 1,700 ரூபாய் நாட்சம்பளத்தைத் தோட்டக் கம்பனிகள் எதிர்த்த செய்தி உச்சிக்குப் போனது. ஆனால், "மலையகத் தமிழர்" என்று பதிவதா, "இந்திய வம்சாவளித் தமிழர்" என்று பதிவதா என்ற செய்தி அடியில் கிடக்கிறது. அதற்காக எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) அப்பாவும் சித்தப்பாவும் இரண்டு நாள் முகம் பார்க்கவில்லை! எங்கே பிழை?

பண்டாரவளை ஆசிரியை:
தம்பி, நீங்கள் அளந்தது கோபத்தை. சம்பளச் செய்தியில் எல்லோரும் ஒரே பக்கம் நின்று கம்பனியைத் திட்டுகிறார்கள். சர்ச்சை என்றால் வாசகர்களே இரண்டாகப் பிரிய வேண்டும். விருப்பு, வெறுப்பு வாக்குகள் இருந்தால் ரெடிட் என்ற விவாதத் தளத்தின் சூத்திரம் போதும்: சிறிய பக்கத்தைப் பெரிய பக்கத்தால் வகுத்து, அந்த எண்ணை மொத்த வாக்குகளுக்கு அடுக்காக வையுங்கள். 500 விருப்புக்கு 10 வெறுப்பு என்றால் ஏறத்தாழ 1.1தான் வரும்; 100க்கு 90 என்றால் 112 வரும்.

ஹட்டன் மாணவன்:
நன்றி டீச்சர். நான் எடுத்த தளங்களில் வெறுப்பு வாக்கு இல்லை. கருத்தும் பதிலும் மட்டுமே உண்டு.

பதுளைக்காரன்:
அப்படியானால் பதில்களின் கிளைகளைப் பாருங்கள். ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தின் உரையாடல்களை 2008இல் ஆராய்ந்தவர்கள் எச்-சுட்டெண்ணை இதற்குப் பயன்படுத்தினார்கள். செய்திக்கு நேரே வருவது முதல் மட்டம், அதற்கு வரும் பதில் இரண்டாம் மட்டம். நான்காம் மட்டத்தில் குறைந்தது நான்கு கருத்துகள் இருந்து, ஐந்தாம் மட்டத்தில் ஐந்து இல்லையென்றால் மதிப்பு 4. இரங்கல் செய்திக்கு முந்நூறு பேர் அஞ்சலி எழுதினாலும் ஒருவருக்கொருவர் பதில் சொல்லாததால் 1தான் கிடைக்கும். இருவர் மட்டும் இருபது முறை மாறி மாறி மோதினாலும் அதே 1தான். நிறையப் பேர் ஆழமாக வாதிட்டால்தான் ஏறும்.

மென்பொருளை நம்பாதீர்கள் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். "இன்றைக்கும் அரைப்பேர்தான்" என்று ஒருவர் எழுதினால், கொழுந்து நிறை குறைந்ததால் அரைநாள் கூலி கிடைத்த வேதனை அது. மென்பொருளுக்கு அது வெறும் பெயர்.

பண்டாரவளை ஆசிரியை:
ஆமாம். இருநூறு கருத்துகளையாவது இருவர் தனித்தனியே வாசித்து வகைப்படுத்துங்கள். பிறகு கோஹனின் கப்பா கணக்கிடுங்கள்; தற்செயலான ஒப்புதலைக் கழித்து, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று காட்டும் அளவு அது. இருவரும் 80 சதவீதம் ஒத்துப்போனாலும், தற்செயலாகவே 50 சதவீதம் ஒத்துப்போகும் என்றால் கப்பா 0.6தான்.

ஹட்டன் மாணவன்:
எச்-சுட்டெண்ணைக் கணக்கிட்டுப் பார்த்தேன். கம்பனிச் செய்திக்கு 2, பெயர்ச் செய்திக்கு 6! இரங்கல் செய்தி 1க்கு இறங்கிவிட்டது. இரண்டாவது வாசகராக என் சின்னம்மாவைக் கேட்டிருக்கிறேன். இருபது வருடம் கொழுந்து பறித்தவர். ஞாயிற்றுக்கிழமை முதல் ஐம்பதை வாசிக்கிறார்.