எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பயம்: என் விசுவாசம் குறைவா?

கேள்வி:
போன மாதம் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனேன். தலை உள்ளே போனதுமே மூச்சு முட்டி, ஸ்கேனை நிறுத்தக் கூப்பிடுவதற்காகக் கையில் கொடுத்த ரப்பர் பந்தை அழுத்திவிட்டேன். "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல்" என்ற வேத வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டே படுத்தேன். செவ்வாய்க்கிழமை மறுபடி போகணும். வெட்கமாக இருக்கிறது.

பதில் 1:
சகோதரி, சங்கீதம் 56-இன் தலைப்பைப் பாருங்கள்: பெலிஸ்தர் தாவீதைக் காத்தூரில் பிடித்தபோது. எதிரிகளான பெலிஸ்தரின் அதே காத்தூரில்தான் 1 சாமுவேல் 21-இல் அவர் பைத்தியக்காரனாக நடிக்கிறார். கதவைக் கீறுகிறார், தாடியில் எச்சில் வழிகிறது. கோலியாத்தை வீழ்த்திய அதே ஆள்! அவர்தான் "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறார். பயமில்லாத நாளில் என்று சொல்லவில்லையே.

பதில் 2:
தீர்க்கதரிசி எலியா சாகணும் என்று சூரைச்செடியின்கீழ் படுத்தபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19). நீங்களும் ஸ்கேன் எடுப்பவரிடம் பயத்தை முன்கூட்டியே சொல்லுங்கள். அது அவிசுவாசம் ஆகாது.

கேள்வி கேட்டவர்:
போய்வந்தேன். உள்ளே தள்ளும் முன்பே கண்ணைத் துணியால் மூடச் சொன்னேன். 'டக் டக்' சத்தத்துக்கு ஒரு வார்த்தையாக, நான்... பயப்படுகிற... நாளில்... என்று ஓட்டினேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. பயம் போகவில்லை, உள்ளங்கை முழுக்க வியர்வை. ஆனால் பந்தை அழுத்தவில்லை. ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை.