மைனஸ் 3 டிகிரி வைத்தால் விமானம் தலைகுப்புறப் பாய்கிறது: ஏர்பஸ் ஏ320, சேலத்தில் இறங்கும் அப்ரோச்

கேள்வி: காமலாபுரத்தான்

வணக்கம். வீடு ஓமலூர் பக்கம். ஏர்போர்ட் பக்கத்திலேயே இருப்பதால் விமான சிமுலேட்டரிலும் சேலத்தில்தான் இறங்கிப் பழகுகிறேன். ஐ.எல்.எஸ். (ஓடுபாதைக்கு வழிகாட்டும் ரேடியோ கருவி) இல்லாமல், உயரத்தை நானே குறைத்து வரக் கற்றுக்கொள்ள ஆசை. 22ஆம் ஓடுபாதைக்கு வடகிழக்கிலிருந்து வந்து, 14 கடல் மைலில் 5,500 அடியில் இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் குமிழை இழுத்து மைனஸ் 3.0 டிகிரி வைக்கிறேன். உடனே மூக்கு கவிழ்ந்து, "சிங்க் ரேட்", "புல் அப்" என்று கத்துகிறது. மூன்று நாளாக இதேதான். வேகம், ஃபிளாப் எல்லாம் சரியாக இருக்கின்றன.

பதில்: அஸ்தம்பட்டி அண்ணன்

தம்பி, குமிழுக்கு மேலே எண் எப்படித் தெரிகிறது? புள்ளி இருக்கிறதா?

காமலாபுரத்தான்

புள்ளி இல்லைங்க அண்ணா. மைனஸ் 30, பக்கத்தில் இரண்டு சின்ன சுழி.

அஸ்தம்பட்டி அண்ணன்

அதுதான் விஷயம். நீங்கள் வைத்தது 3 டிகிரி இல்லை, நிமிடத்துக்கு 3,000 அடி. விமானம் வி.எஸ். முறையில் (நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற கணக்கில்) இருக்கிறது. நடுவில் உள்ள பொத்தானை அழுத்தி டிராக்–எஃப்.பி.ஏ. (தரைமேல் செல்லும் திசை, இறங்கும் கோணம்) முறைக்கு மாற்றினால்தான் டிகிரி கணக்கு. அப்போது மைனஸ் 3.0 என்று புள்ளியோடு வரும். 140 நாட் தரைவேகத்தில் 3 டிகிரிக்கு நிமிடத்துக்கு 700, 750 அடிதான் இறங்க வேண்டும்.

இதைச் சின்னத் தவறு என்று நினைக்காதீர்கள். 1992 ஜனவரி 20 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓர் ஏ320, இதே மாதிரி ஐ.எல்.எஸ். இல்லாத அப்ரோச்சில், நிமிடத்துக்கு 3,300 அடி வேகத்தில் இறங்கி மலையில் மோதியது. 96 பேரில் 87 பேர் இறந்தார்கள். 3.3 டிகிரி என்று நினைத்து 33 வைத்திருக்கலாம் என்பது விசாரணையில் வலுவாக எழுந்த கருத்து. அப்போது குமிழுக்கு மேலே இரண்டு இலக்கம் மட்டும்தான் தெரியும். நீங்கள் பார்த்த அந்தச் சின்ன சுழிகள் பின்னால் வந்தவை. அதனால் குமிழைத் திருப்பியதும் திரையின் மேல்வரியைப் பாருங்கள், எஃப்.பி.ஏ. என்று வாயால் படித்துவிட்டு மேலே போங்கள்.

பதில்: ஏற்காட்டு மூடுபனி

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 3 டிகிரி என்றால் கடல் மைலுக்குச் சுமார் 318 அடி. சேலம் ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 அடி. ஆக 10 மைலில் நீங்கள் 4,200 அடியில்தான் இருப்பீர்கள். இடப்பக்கம் எங்கள் சேர்வராயன் மலை 5,000 அடிக்கு மேல் நிற்கிறது! பழகும்வரை தென்மேற்கிலிருந்து, அதே ஓடுபாதையின் மறுமுனையான 04க்கு வாருங்கள். இறங்கத் தொடங்க வேண்டிய இடத்துக்கு 0.3 மைல் முன்பே குமிழை இழுங்கள், விமானம் மூக்கைத் தாழ்த்த அவ்வளவு நேரம் பிடிக்கும். அப்புறம் ஒவ்வொரு மைலுக்கும் உயரத்தைச் சரிபாருங்கள். 5 மைலில் 2,650 அடி வர வேண்டும். கூட இருந்தால் 3.2, குறைவாக இருந்தால் 2.8 வைத்தால் போதும்.

காமலாபுரத்தான்

இப்போதுதான் 04இல் இறங்கினேன். 5 மைலில் 2,700, 2 மைலில் ஓடுபாதை நேர் எதிரே! திசையும் டிராக்குக்கு மாறிவிட்டதால் பக்கக்காற்றையும் விமானமே சமாளித்துக்கொண்டது. இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.