ஓட்டல் அறை வரியில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு காசு கூடப் போகாதாமே!

கணக்குப்பிள்ளை:
இந்த மன்றத்தில் புல்தரை என்ற பெயரில் எழுதுபவர் நேற்று இன்னொரு இழையில் திருவாய் மலர்ந்தார்: "லாஸ் வேகாஸ் அமெரிக்கக் கால்பந்து அரங்குக்குப் போனது ஓட்டல் அறை வரி. வெளியூர்க்காரன் கட்டும் காசு. அரங்கு வராவிட்டாலும் அதில் ஒரு காசு கூடப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்காது. அரங்கா பள்ளியா என்று கேட்பவர்களுக்கு வரவு செலவு தெரியாது." இதற்குக் கைதட்டல் வேறு.

வரவு செலவு தெரியாதவன் சொல்கிறேன், கேளுங்கள். அந்த ஊர் இருக்கும் கிளார்க் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) அதே அறை வரியிலிருந்து 1.625 சதவீதம் பள்ளிக் கட்டடங்களுக்குப் போகிறது. 2009-ல் கல்வியின் பெயரைச் சொல்லி அதே வரியில் 3 சதவீதம் வரை ஏற்றினார்கள். 2016 அக்டோபரில் நெவாடா மாநிலச் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தொடர் கூட்டி அரங்குக்காக 0.88 சதவீதம் சேர்த்தார்கள். அறை ஒன்று, ரசீது ஒன்று, வரியும் ஒன்று. அதில் ஒரு பங்கு ஏற்கெனவே பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும்போது "ஒரு காசு கூடப் போயிருக்காது" என்பது எந்த ஊர்க் கணக்கு?

புல்தரை:
வந்துவிட்டார் ஐயா. நான் சொன்னது அந்த 0.88-ஐப் பற்றி. சட்டத்தில் அது அரங்குக்கென்று எழுதப்பட்ட வரி. அரங்கு இல்லையென்றால் அந்த வரியே பிறந்திருக்காது. பிறக்காத பிள்ளைக்கு எந்தப் பள்ளியில் இடம் கேட்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:
நீங்கள் எழுதியது "ஓட்டல் அறை வரி". 0.88 என்று எங்கே எழுதினீர்கள்? மேலே போய்ப் படியுங்கள்.

புல்தரை:
அரங்கைப் பற்றிப் பேசும்போது அறை வரி என்றால் அரங்குக்கான அறை வரி. சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

வாசல்படி:
750 கோடி டாலரைத் தூக்கி ஒரு பந்தாட்ட முதலாளிக்குக் கொடுத்துவிட்டு 0.88 என்று பேசிக்கொண்டிருக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா?

புல்தரை:
75 கோடி. அரங்குக்கு அறை வரியிலிருந்து ஒதுக்கியது 750 மில்லியன் டாலர், அதாவது 75 கோடி. பத்து மில்லியன் சேர்ந்தால்தான் ஒரு கோடி. எதிர்க்க வருபவர்கள் முதலில் வாய்ப்பாடு படித்துவிட்டு வரலாம். பள்ளிக்கூடத்துக்குப் பணம் ஏன் தேவை என்று இப்போது புரிகிறது.

வாசல்படி:
சுழி ஒன்று கூடிப்போனால் கொள்ளை கொள்ளை இல்லை என்று ஆகிவிடுமா?

கணக்குப்பிள்ளை:
வாசல்படி, நீங்கள் கொஞ்சம் ஒதுங்குங்கள். உங்களைப் போல ஆதரவு தருபவர்களால்தான் நமக்குத் தலைவலி.

விஷயத்துக்கு வருகிறேன். "வெளியூர்க்காரன் கட்டுகிறான்" என்பதுதான் இந்தப் பேச்சு முழுவதற்கும் அச்சாணி. 2018-ல் கிளார்க் கவுண்டி வெளியிட்ட கடன்பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். 64.5 கோடி டாலர், 30 வருடம். அது கவுண்டியின் பொதுப் பொறுப்புக் கடன். அறை வரி அதற்குக் கூடுதல் ஈடு, அவ்வளவுதான். வரி வசூல் படுத்தால் முதலில் காப்புநிதியைத் தொட வேண்டும், அதுவும் தீர்ந்தால் கவுண்டியின் பொதுப் பணம். 2020-ல் என்ன ஆயிற்று? ஓட்டல்கள் மூடின, அறை வரி விழுந்தது, கடன் தவணைக்குக் காப்புநிதியில் கை வைத்தார்கள். அந்த வருடம் வெளியூர்க்காரன் எங்கே போயிருந்தான்?

இன்னும் ஒன்று. அறை வாடகை மேல் எவ்வளவு வரி ஏற்றலாம் என்பதற்கு நடைமுறையில் ஓர் உச்சி உண்டு. ஓட்டல்காரர்களே அதற்கு மேல் விடமாட்டார்கள். அந்த இடைவெளியில் 0.88-ஐ அரங்குக்கு 30 வருடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், நாளைக்குப் பள்ளிக்கென்று அதே கதவைத் தட்டுகிறவனுக்கு "இடமில்லை" என்றுதான் பதில் வரும். பிறக்காத பிள்ளை என்றீர்களே, பிறக்கவிருந்த பிள்ளையின் தொட்டிலை எடுத்துப் போய்விட்டார்கள் என்கிறேன்.

புல்தரை:
தொட்டில், தாலாட்டு எல்லாம் அருமை. காப்புநிதி எதற்கு இருக்கிறது? கை வைக்கத்தான். வைத்தார்கள், பிறகு நிரப்பினார்கள். கவுண்டியின் பொதுப் பணத்திலிருந்து ஒரு தவணையாவது போயிற்றா? போகவில்லை. ஓட்டல்கள் திறந்த பிறகு வசூல் தவணையைத் தாண்டி வருகிறது.

அந்த 2009 வரியையும் நீங்கள் பாதிதான் சொன்னீர்கள். ஆசிரியர் சங்கமே முன்னெடுத்த மனு அது. முதல் இரண்டு வருடம் பணம் பொது நிதிக்குப் போயிற்று. அப்புறம் பள்ளிக்கு என்று வந்ததும் என்ன செய்தார்கள்? வழக்கமாகக் கொடுக்கிற தொகையில் அதைக் கழித்துக்கொண்டார்கள். வலது பையில் போட்டு இடது பையில் எடுத்தார்கள். அந்தச் சங்கமே வருடக்கணக்காகப் புலம்பியது. ஆக அறை வரியைப் பள்ளிக்கு எழுதி வைத்தபோதும் பள்ளிக்குக் கூடுதலாக வரவில்லை. நான் சொன்னது அப்படியே நிற்கிறது: ஒரு காசு கூடப் போயிருக்காது.

கணக்குப்பிள்ளை:
ஆஹா. நேற்று "போகாது". இன்று "போகும், ஆனால் திருடிவிடுவார்கள்". இரண்டும் ஒன்றா? கட்டடத்துக்கான 1.625 பற்றி வாயே திறக்கவில்லை, கவனித்தேன். அதை யாரும் கழித்துக்கொள்ளவில்லை. அது கட்டடக் கடன்பத்திரத்துக்கு ஈடாக நிற்கும் பணம். 0.88-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

நடுத்திண்ணை:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கடன்பத்திரப் பணத்தில் ஆசிரியர் சம்பளம் கொடுக்க முடியாது. அது ஒருமுறை கட்டுமானத்துக்கு. பள்ளிச் செலவில் பெரும்பகுதி மாதாமாதம் வருகிற சம்பளம். அதனால் இந்த ஒப்பீடே...

கணக்குப்பிள்ளை:
நடுத்திண்ணை, அந்தப் பழைய பாட்டு வேண்டாம். கட்டுமானத்தைக் கட்டுமானத்தோடே ஒப்பிடுங்களேன். அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2020-ல் சொன்னது: 41 சதவீதப் பள்ளி மாவட்டங்களில், குறைந்தது பாதிப் பள்ளிகளில் காற்றோட்ட, குளிரூட்ட, வெப்பமூட்ட அமைப்பை மாற்றவோ புதுப்பிக்கவோ வேண்டும். உத்தேசமாக 36,000 பள்ளிகள். இது சம்பளமா? குழாய், விசிறி, கொதிகலன், கூரை. முழுக்க முழுக்கக் கடன்பத்திர வேலை. பழைய நீராவிக் குழாய் கசிந்தால் சுவருக்குள் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். அமைப்பை மாற்றாமல் மேலே சுண்ணாம்பு அடித்தால் அடுத்த பருவத்தில் திரும்ப வரும். இந்த மாதிரி வேலைதான் "பணம் வந்ததும் பார்ப்போம்" பட்டியலில் கிடக்கிறது.

புல்தரை:
அந்தப் பட்டியலுக்குக் காரணம் அரங்கா? பள்ளிக்கான கடன்பத்திரத்தை வாக்கெடுப்பில் தோற்கடிப்பது யார்? மக்கள். டெக்சாஸில் ஆலன் என்ற ஊர். 2009-ல் பள்ளி மாவட்டம் 11.9 கோடி டாலர் கடன் கேட்டது, மக்கள் வாக்களித்தார்கள். அதில் 6 கோடியில் உயர்நிலைப் பள்ளிக்கு 18,000 இருக்கை அரங்கு. பள்ளியே கட்டிய அரங்கு! இப்போது சொல்லுங்கள், இது பள்ளிச் செலவா, அரங்குச் செலவா?

வாசல்படி:
அந்த அரங்கு 2012-ல் திறந்து 2014-ல் மூடிக் கிடந்தது. நடைமேடைக் கான்கிரீட்டில் விரிசல். அதைச் சொல்ல மறந்துவிட்டாரா அண்ணன்?

புல்தரை:
2015-ல் திறந்தாயிற்று. சரிசெய்த செலவை வடிவமைத்தவர்களும் கட்டியவர்களும் ஏற்றார்கள். சுழி எண்ணத் தெரியாதவர் கான்கிரீட் பேச வந்துவிட்டார்.

வாசல்படி:
சுழியை விடமாட்டீர்கள் போலிருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
ஆலனைப் பிறகு பார்ப்போம், அது நழுவும் வழி. கேட்ட கேள்வி 1.625. பதில் இல்லை.

சொத்து வரியைப் பாருங்கள். அமெரிக்கப் பள்ளிகள் பெரிதும் நம்பியிருப்பது உள்ளூர்ச் சொத்து வரியை. அரங்கை ஓர் அரசு ஆணையத்தின் பெயரில் எழுதி வைத்துவிட்டால் அதற்குச் சொத்து வரி இல்லை. உள்ளே விளையாடுவது தனியார் அணி, நுழைவுச்சீட்டும் விளம்பரப் பலகையும் அவர்களுக்கு; நிலமும் கட்டடமும் மட்டும் "பொதுச் சொத்து". அந்த இடத்தில் ஒரு சாதாரணக் கிடங்கு நின்றிருந்தாலும் பள்ளிக்கு வருடா வருடம் பங்கு போயிருக்கும். இதை யாரும் "பள்ளிப் பணத்தை எடுத்தோம்" என்று எழுதுவதில்லை. வராத பணம் ஏட்டில் ஏறாது.

அடுத்தது வாடகை. 1986 அமெரிக்க வரிச் சட்டம், அரங்குகளுக்கு வரிவிலக்குக் கடன் (வட்டிக்கு வரி இல்லாததால் மலிவாகக் கிடைப்பது) போவதைத் தடுக்க வந்தது. தனியார் பயன்பாடு 10 சதவீதத்தைத் தாண்டி, கடன் தவணையிலும் 10 சதவீதத்துக்கு மேல் தனியாரிடமிருந்து வந்தால் வரிவிலக்கு போய்விடும். நகராட்சிகள் என்ன செய்தன? பயன்பாட்டைக் குறைக்க முடியாது, ஆடுவதே அணிதானே. அதனால் வாடகையைக் குறைத்தன. அணியிடம் அதிகம் வாங்கினால் கடன் விலை ஏறும், ஆகவே அணியிடம் வாங்காதே, பொது வரியில் கட்டு. தடுக்க வந்த சட்டமே கதவைத் திறந்துவிட்டது.

புல்தரை:
கட்டுரைப் போட்டி முடிந்ததா? டெக்சாஸின் ஆர்லிங்டன் தெரியுமா? அங்கே கால்பந்து அரங்குக்கு 2004-ல் மக்கள் வாக்களித்தார்கள். நகரின் பங்கு 32.5 கோடி. அரை சதவீத விற்பனை வரி, 2 சதவீத ஓட்டல் வரி, 5 சதவீத வாடகைக் கார் வரி. கடனைக் கெடுவுக்கு வெகு முன்பே அடைத்துவிட்டார்கள். ஒழுங்காக ஒப்பந்தம் போட்டால் நடக்கும்.

கணக்குப்பிள்ளை:
அடைத்தார்கள். எந்தப் பணத்தில்? விற்பனை வரி அரை சதவீதம் என்றீர்களே, அதை வெளியூர்க்காரன் மட்டும்தான் கட்டினானா? உள்ளூர்க்காரன் செருப்பு வாங்கினாலும் கட்டியிருக்கிறான்.

உங்களுக்கு ஆர்லிங்டன் என்றால் எனக்கு சியாட்டில். அங்கே கிங்டோம் என்ற அரங்கு 1976-ல் திறந்தது. 1994-ல் ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு கூரை ஓடுகள் பெயர்ந்து இருக்கைகள் மேல் விழுந்தன. 2000 மார்ச்சில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். கடன் 2015-ல்தான் தீர்ந்தது. இல்லாத அரங்குக்கு 15 வருடம் தவணை.

நடுத்திண்ணை:
ஒப்பந்தம்தான் சூட்சுமம் என்று நினைக்கிறேன். செயின்ட் லூயிஸ் ஊர் தன் கால்பந்து அணியோடு போட்ட 1995 குத்தகையில், அரங்கு எப்போதும் நாட்டின் முதல் கால்பங்கு அரங்குகளுக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. 2005-லும் 2015-லும் அளந்து பார்ப்பது. மற்ற ஊர்கள் புதிதாகக் கட்டக் கட்ட நம் அரங்கு ஒன்றும் கெடாமலே கீழே இறங்கும். 2013-ல் நடுவர்கள் அணியின் மேம்பாட்டுத் திட்டத்தை ஏற்றார்கள், சுமார் 70 கோடி ஆகும் என்று வந்தது, ஊர் மறுத்தது, 2016-ல் அணி போய்விட்டது.

வாசல்படி:
சின்சினாட்டி கால்பந்து அரங்கு ஒப்பந்தம் இதற்கு அண்ணன். இன்னும் கண்டுபிடிக்காத முப்பரிமாண மறுஒளிபரப்புக் கருவி வந்தால் அதையும் கவுண்டியே வாங்கித் தர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்கள். 1996-ல் அரை சதவீத விற்பனை வரிக்கு வாக்குக் கேட்டபோது "வீட்டு வரியில் தள்ளுபடி" என்றார்கள். பணம் போதாதபோது அந்தத் தள்ளுபடியிலும் வெட்டு விழுந்தது.

புல்தரை:
இன்றைக்குச் சுழி சரியாக இருக்கிறது, வாழ்த்துகள். மோசமான ஒப்பந்தம் போட்டவன் தப்பு. அதற்காக அரங்கே தப்பா? போன வருடம் மொன்றியால் இழையிலும் கணக்குப்பிள்ளை இதே தில்லுமுல்லு. ஓர் ஊரின் கூரை கிழிந்ததென்று உலகத்து அரங்கெல்லாம் கிழிசல்.

கணக்குப்பிள்ளை:
மொன்றியாலில் நான் சொன்னதில் எது பொய்? 1976 ஒலிம்பிக் அரங்கின் கடன் 2006-ல் தீர்ந்தது, புகையிலை வரியில். 1999 ஜனவரியில் பனிப் பாரத்தில் கூரை கிழிந்தது. பிற்பாடு 3 சென்டிமீட்டருக்கு மேல் பனி வரும் என்றால் உள்ளே நிகழ்ச்சி கிடையாது என்று இருந்தது. 2024-ல் புதுக் கூரைக்கு 87 கோடி கனேடிய டாலர் அறிவித்தார்கள். அன்றைக்கு நீங்கள் "கூரை வேறு, அரங்கு வேறு" என்றீர்கள். இன்றைக்கு "அறை வரி வேறு, 0.88 வேறு". பழக்கம் போகவில்லை.

நீங்கள் ஒளியும் கடைசி இடத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே நெவாடாவில் 2023-ல் பேஸ்பால் அரங்குக்கு 38 கோடி டாலர் வரை பொதுப் பணம். அதில் 18 கோடி கைமாற்றத்தக்க வரிக்கழிவு. அணி அதைச் சூதாட்ட விடுதிக்கு விற்கும், விடுதி அதைக் காட்டி மாநிலத்துக்குக் கட்ட வேண்டிய சூதாட்ட வரியைக் குறைத்துக்கொள்ளும். அந்த வரி மாநிலப் பொது நிதிக்கு வருவது. பள்ளிக்குப் பணம் போவதும் அங்கிருந்துதான். இங்கே அறை வரியும் இல்லை, வெளியூர்க்காரனும் இல்லை. ஆசிரியர்கள் இதை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரப் பார்த்தார்கள். 2024 மேயில் மாநில உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளியது: சட்டத்தின் முழு வாசகம் இணைக்கவில்லை, விளக்கம் போதவில்லை என்று. நல்லதா கெட்டதா என்ற பேச்சே எழவில்லை.

புல்தரை:
நான் 2016 அரங்கைச் சொன்னேன், நீங்கள் 2023-க்குத் தாவுகிறீர்கள். அந்த 75 கோடியில் பள்ளிக்குப் போக வேண்டிய ஒரு காசைக் காட்டுங்கள். ஒன்றே ஒன்று. அதே அரங்கில் அரசுப் பல்கலைக்கழக அணியும் ஆடுகிறது, அதை மட்டும் எண்ணமாட்டீர்கள்.

கணக்குப்பிள்ளை:
1.625.

புல்தரை:
அது வேறு வரி.

கணக்குப்பிள்ளை:
அதே வரி. ரசீதை எடுத்துப் பாருங்கள்.

நடுத்திண்ணை:
ரசீதில் மொத்தமாகத்தானே போடுவார்கள், பிரித்துப் போடுவார்களா?

புல்தரை:
கேட்டார் பாருங்கள்! பிரித்துப் போடாத ரசீதைக் காட்டித்தான் இவ்வளவு நேரம் மிரட்டினாரா?

கணக்குப்பிள்ளை:
நடுத்திண்ணை, நீங்கள் யார் பக்கம்?

வாசல்படி:
75 கோடி. சரியாக எழுதிவிட்டேன். இப்போதாவது யாராவது எனக்குப் பதில் சொல்வீர்களா?