சாட்சி என்று கூப்பிட்டுவிட்டு கையெழுத்து கேட்கிறார்கள்

தம்பி வேலை பார்க்கும் கடையில் கல்லாப் பணம் காணவில்லை. ஊர் மதுரைப் பக்கம். பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 179-ல் சாட்சி என்று தம்பிக்குச் சம்மன். பத்து நாளில் மூன்று தடவை ஸ்டேஷன் போய்வந்துவிட்டான். ஆனால் கேள்வியெல்லாம் "பணத்தை எங்கடா வச்ச?" தினுசுதான். பேசாமல் இருந்தால் "அப்போ நீதான்" என்கிறார்கள். கடைசியாக, பாதி காலியாக விட்ட தாளில் கையெழுத்து கேட்டார்கள். போடவில்லை.

தெரிந்த வக்கீல் "ஒத்துழைங்க" என்பதோடு சரி. நானே படித்ததில், தன்னையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று அதே சட்டத்தின் 180(2)-ம், உச்ச நீதிமன்றத்தின் 1978 நந்தினி சத்பதி தீர்ப்பும் சொல்கின்றன. போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக்கூடாது என்கிறது 181. தம்பி இதைச் சொன்னதற்கு ஸ்டேஷன் ரைட்டர் (எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரர்) சிரித்தாராம்.

வியாழக்கிழமை மறுபடி போகணும். இன்ன கேள்விக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை என்று எழுதிக் கொடுப்பதா, வாயால் சொன்னால் போதுமா?